கப்பல் போனால் கஜானா போச்சு: அமெரிக்கக் குடியரசின் முதல் முப்பது ஆண்டுகள்

அமெரிக்கா ஒரு நாட்டின் மீது இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது, இன்னொரு நாட்டுடன் வணிகத்தையே நிறுத்திவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் காதில் விழுகின்றன. "பிறந்ததிலிருந்து உலக விவகாரங்களில் ஒதுங்கியே இருந்த நாடு, இருபதாம் நூற்றாண்டில்தான் மாறியது" என்பது ஒன்று. "தடையற்ற வணிகம்தான் அதன் பிறவிக்குணம், இப்போதுதான் தடம் மாறிவிட்டது" என்பது மற்றொன்று. 1783க்கும் 1815க்கும் நடுவே நடந்ததைப் பார்த்தால் இரண்டும் தேறாது. அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் குடியரசு பிரான்ஸ், திரிப்போலி, பிரிட்டன், அல்ஜியர்ஸ் என்று நான்கு பேருடன் கடலில் மோதியிருக்கிறது. வரியும் போட்டிருக்கிறது, தடையும் போட்டிருக்கிறது. பணம் கொடுத்துச் சமாதானமும் வாங்கியிருக்கிறது. இதெல்லாம் ஏன் என்று புரிய, அதன் கஜானா எதனால் நிரம்பியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விடுதலை வந்தது, துறைமுகம் மூடியது

1783 செப்டம்பர் 3 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் பதின்மூன்று குடியேற்றங்களின் விடுதலையை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜூலையில், லண்டன் ஓர் அரசாணை போட்டிருந்தது: கரீபியக் கடலில் உள்ள பிரிட்டிஷ் தீவுகளுக்குள் அமெரிக்கக் கப்பல்கள் இனி வரக் கூடாது. நியூ இங்கிலாந்தின் மீனும் மரமும், பென்சில்வேனியாவின் மாவும் காலங்காலமாக விலைபோனது அந்தக் கரும்புத் தீவுகளில்தான். பேரரசை விட்டு வெளியே போனவனுக்கு வெளியாளுக்கான சட்டம்தான் என்றது பிரிட்டன். கசப்பாக இருந்தாலும் குறை சொல்ல முடியாத வாதம்.

இதோடு வேறு தலைவலிகளும் இருந்தன.

1. உடன்படிக்கைப்படி காலி செய்ய வேண்டிய டெட்ராய்ட், நயாகரா முதலிய எல்லைக் கோட்டைகளை பிரிட்டன் காலி செய்யவில்லை. பிரிட்டிஷ் வணிகர்களுக்குத் தர வேண்டிய பழைய கடனை அமெரிக்கர்கள் அடைக்கவில்லை என்பது அது சொன்ன காரணம். அதுவும் உண்மைதான்.

2. மிசிசிப்பி ஆற்றின் கடைமடையை ஸ்பெயின் 1784இல் அமெரிக்கர்களுக்கு மூடியது. மலைக்கு மேற்கே குடியேறிய விவசாயியின் விளைச்சல் மலை ஏறிக் கிழக்கே போகாது. ஆற்றோடு நியூ ஆர்லியன்ஸுக்குப் போனால்தான் காசு.

3. மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் கொடி தந்த பாதுகாப்பு போய்விட்டது. 1785இல் அல்ஜியர்ஸ் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து 21 பேரைச் சிறை வைத்தது.

4. பதிலடி கொடுக்கக் கடற்படையே இல்லை. 'அலையன்ஸ்' என்ற கடைசிப் போர்க்கப்பலையும் 1785இல் விற்றாயிற்று.

சரி, பிரிட்டிஷ் சரக்குக்கு வரி போட்டுப் பழிதீர்க்கலாமே? அதுவும் முடியாது. அப்போதைய கூட்டமைப்புச் சட்டத்தில் காங்கிரஸ் என்ற நாடாளுமன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. ஒரு மாநிலம் தீர்வையை ஏற்றினால் கப்பல் பக்கத்து மாநிலத் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுப் போகும். 1787இல் புதிய அரசியல் சட்டம் எழுத வேண்டி வந்ததற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். இந்தத் துறைமுக ஓட்டையை அடைப்பது அவற்றில் முக்கியமானது.

அருகில் இருந்த சந்தை மூடியதும் வணிகர்கள் தூரக் கடல்களைப் பார்த்தார்கள். 1784 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஒரு கப்பல் சீனாவின் காண்டனுக்குக் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பரில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பிலடெல்பியாக் கப்பல் புதுச்சேரியில் நங்கூரம் போட்டது. இந்தியக் கரைக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அது.

ஒற்றைக் குழாய்க் கஜானா

புதிய அரசு 1789இல் பதவியேற்றுச் செய்த முதல் வேலைகளில் ஒன்று இறக்குமதித் தீர்வைச் சட்டம். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தானது. துறைமுகக் கட்டணத்தில் பாகுபாடு இன்னும் வெளிப்படை: அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், வெளிநாட்டுக் கப்பலுக்கு 50 சென்ட். தடையற்ற வணிகம் பிறவிக்குணம் என்பவர்கள் இந்த விலைப்பட்டியலைப் பார்க்கலாம்.

அப்போது வருமான வரி கிடையாது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் மீதான தீர்வையிலிருந்துதான் மத்திய அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வந்தது. அந்தச் சரக்கில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சரக்கு. நேற்று வரை போரிட்ட எதிரி கப்பல் அனுப்பினால்தான் அரசாங்கம் கடனுக்கு வட்டி கட்ட முடியும்.

அமைச்சரவை இங்கேதான் இரண்டாகப் பிரிந்தது. நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பிரிட்டனோடு மோதாதே என்றார்; மோதினால் தீர்வை நின்றுவிடும், நாட்டின் கடன் மதிப்பு சரிந்துவிடும். வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சனும், காங்கிரசில் இருந்த ஜேம்ஸ் மேடிசனும் மறுபக்கம். அமெரிக்காவின் தானியமும் மரமும் இல்லாமல் பிரிட்டனின் தீவுகள் பட்டினி கிடக்கும், நெருக்கினால் வழிக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. பின்னாளில் ஜெஃபர்சன் அதிபராகி இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தார். அதைப் பிறகு பார்ப்போம்.

நடுநிலை என்பது ஒரு தொழில்

1793 பிப்ரவரியில் பிரான்ஸ் பிரிட்டன் மீது போர் அறிவித்தது. விடுதலைப் போரில் உதவிய பிரான்சோடு 1778இல் செய்த ராணுவக் கூட்டணி இன்னும் உயிரோடு இருந்தது. ஆனாலும் ஏப்ரல் 22 அன்று அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், இரு தரப்போடும் நட்பாகவும் பாரபட்சமின்றியும் நடப்போம் என்று அறிவித்தார். 'நடுநிலை அறிவிப்பு' என்றே அது அழைக்கப்படுகிறது. ஆனால் அந்த அறிவிப்பில் 'நடுநிலை' என்ற சொல்லே கிடையாது.

நடுநிலை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது என்று இன்று நினைக்கிறோம். அன்றைய கடல் வணிகனுக்கு அது பொற்காலம். சண்டை போடும் இரு நாடுகளின் வணிகக் கப்பல்களும் அஞ்சி ஒடுங்கியிருக்கும்போது, யாரோடும் சண்டையில்லாதவன் கப்பலுக்குத்தான் கிராக்கி. தன் கரீபியத் தீவுகளுக்குள் வெளியாரை விடாத பிரான்சே போர் வந்ததும் அமெரிக்கக் கப்பல்களுக்குக் கதவைத் திறந்தது.

வழக்கு மூன்று கேள்விகளில் எழுந்தது.

1. கப்பல் நடுநிலை நாட்டுடையது, உள்ளே இருக்கும் சரக்கு எதிரியுடையது. பிடிக்கலாமா? கூடாது என்றது அமெரிக்கா. பிரான்சோடு செய்த பழைய வணிக உடன்படிக்கையும் அப்படித்தான் சொன்னது. பிடிப்போம் என்றது பிரிட்டன்.

2. எது போர்ச் சரக்கு? துப்பாக்கியும் வெடிமருந்தும் சரி, கோதுமையும் உண்டா? பசியில் இருக்கும் பிரான்சுக்குப் போகும் கோதுமையும் ஆயுதம்தான் என்று பிரிட்டன் வாதிட்டது.

3. அமைதிக் காலத்தில் மூடிக்கிடந்த வணிகத்தைப் போருக்காகத் திறந்துவிட முடியுமா? முடியாது என்பது '1756 விதி' எனப்பட்ட பிரிட்டிஷ் கோட்பாடு. பிரெஞ்சுத் தீவுகளின் சர்க்கரையை ஏற்றிய அமெரிக்கக் கப்பல்கள் மாட்டியது இதில்தான்.

1793 நவம்பரில் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆணையை வைத்து கரீபியக் கடலில் 250க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்கள் பிடிபட்டன. மறுபக்கம், பிரெஞ்சுத் தூதர் ஜெனே சார்ல்ஸ்டனில் வந்திறங்கிய கையோடு அமெரிக்கத் துறைமுகங்களிலேயே பிரிட்டிஷ் கப்பல்களைக் கொள்ளையிட உரிமம் கொடுக்கத் தொடங்கினார். அவரைத் திரும்ப அழைக்கச் சொன்னது வாஷிங்டன் அரசு. பாரிசுக்குத் திரும்பினால் தலை போகும் என்ற நிலையில் அவர் அமெரிக்காவிலேயே தங்கி, நியூயார்க் ஆளுநரின் மகளை மணந்துகொண்டார்.

ஜே கொண்டுவந்த உடன்படிக்கை

தலைமை நீதிபதி ஜான் ஜே லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1794 நவம்பர் 19 அன்று அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையைப் போல அந்தக் காலத்தில் திட்டு வாங்கிய காகிதம் வேறு இல்லை. அவருடைய கொடும்பாவியை ஊர் ஊராக எரித்தார்கள். அதை ஆதரித்துப் பேசப் போன ஹாமில்டன் நியூயார்க்கில் கல்லடி பட்டார்.

எல்லைக் கோட்டைகளை 1796 ஜூனுக்குள் காலி செய்வதாக பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பிடித்த கப்பல்களுக்கு இழப்பீடு, பழைய கடன்களுக்குத் தீர்வு என்று ஆணையங்கள் அமைந்தன. ஆனால் கரீபியத் தீவுகளுக்கு 70 டன்னுக்கு மேற்படாத சிறு கப்பல்கள் மட்டுமே போகலாம் என்றிருந்ததைக் கண்டு செனட்டே அந்தப் பிரிவைத் தள்ளியது. நடுநிலை உரிமைகள் பற்றி ஜே எதையும் வாங்கிவரவில்லை. 20க்கு 10 என்ற வாக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒன்றுகூட அதிகமில்லாமல் தொட்டு, அது செனட்டில் தேறியது.

பலரும் தாண்டிப் போகும் பிரிவு 13இல் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. இந்தியாவில் உள்ள பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம், ஆனால் அங்கே வாங்கிய சரக்கை அமெரிக்காவுக்கு மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்கிறது அது. பக்கத்துத் தீவைப் பூட்டிவிட்டுப் பாதி உலகம் தள்ளியிருக்கும் சென்னையையும் கல்கத்தாவையும் திறந்துவிட்டது வேடிக்கைதான். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தனிப்பட்ட முறையில் சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்ப வெளிநாட்டுக் கப்பல்கள் வசதியாக இருந்தன என்பதும் இதற்கு ஒரு காரணம். 1794இலேயே சென்னையில் அமெரிக்காவுக்கு ஒரு தூதரக முகவர் இருந்தார். சென்னையின் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி இந்த வழியாகத்தான் பாஸ்டன் பக்கம் போனது.

என் கணிப்பில், மோசமான உடன்படிக்கை என்று திட்டியவர்கள் சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் கடற்படை இல்லாத நாட்டுக்கு அதைவிட நல்லது கிடைத்திருக்காது. அது பத்தாண்டுகளுக்கு அமைதியை வாங்கித் தந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் நெருங்குகின்றன என்று பயந்த ஸ்பெயின் 1795 அக்டோபரில் மிசிசிப்பியைத் தானாகத் திறந்துவிட்டது.

கப்பம் மலிவா, கப்பல் மலிவா?

வட ஆப்பிரிக்கக் கரையில் மொராக்கோ, அல்ஜியர்ஸ், துனிஸ், திரிப்போலி என்று நான்கு அரசுகள். உடன்படிக்கை இல்லாத நாட்டின் கப்பலைப் பிடிப்பதும் மாலுமிகளை மீட்புப் பணத்துக்கு வைத்திருப்பதும் அவற்றின் வருமானம். பிரிட்டன் போன்ற பெரிய நாடுகளே காணிக்கை கொடுத்துத்தான் போய்வந்தன. 1793இல் அல்ஜியர்ஸ் மேலும் 11 அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்ததும் காங்கிரஸ் இரண்டு வழியிலும் இறங்கியது.

ஒரு பக்கம் 1794 மார்ச்சில் ஆறு போர்க்கப்பல்கள் கட்டச் சட்டம். மறுபக்கம் 1795இல் அல்ஜியர்சோடு சமாதானம்: கையோடு 6,42,500 டாலர், அப்புறம் ஆண்டுதோறும் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பல் தளவாடங்கள். அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்த வருமானம் 60 லட்சம் டாலர் அளவில்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கையெழுத்தில் போயிற்று. சமாதானமானால் கப்பல் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு மூன்று கப்பல்களை மட்டும் கட்டி முடித்தார்கள்.

அந்தக் கப்பல்கள் முதலில் சுட்டது அல்ஜியர்சை இல்லை, பிரான்சை. ஜே உடன்படிக்கையைத் துரோகமாகப் பார்த்த பிரான்ஸ், ஓராண்டுக்குள் 300க்கு மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. பேசித் தீர்க்க 1797இல் பாரிஸ் போன மூன்று தூதர்களிடம், பேச்சு தொடங்குவதற்கே வெளியுறவு அமைச்சர் தலேரானுக்கு 2,50,000 டாலர் கையூட்டும் பிரான்சுக்குப் பெருங்கடனும் தர வேண்டும் என்றார்கள் இடைத்தரகர்கள். அதிபர் ஜான் ஆடம்ஸ் தரகர்களின் பெயரை மறைத்து எக்ஸ், ஒய், இஸட் என்று எழுத்துகளாக மாற்றி அந்தக் கடிதங்களை வெளியிட, நாடு கொதித்தது. போர் அறிவிக்காமலே இரண்டு ஆண்டுகள் கடலில் சண்டை. 1800 செப்டம்பரில் நெப்போலியனோடு சமரசம் ஆனபோது, பிடிபட்ட கப்பல்களுக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுத்து 1778 கூட்டணியிலிருந்து விடுபட்டது அமெரிக்கா. அடுத்த முறையான ராணுவக் கூட்டணிக்கு இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

"ஒதுங்கியிருந்த நாடு" என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான். 1796இல் வாஷிங்டன் விடைபெறும்போது நிரந்தரக் கூட்டணிகள் வேண்டாம் என்றார். 'சிக்கவைக்கும் கூட்டணிகள்' என்ற சொற்றொடரை அவர் வாயில் போடுவார்கள். அது 1801இல் ஜெஃபர்சன் பதவியேற்றபோது சொன்னது. இருவரும் எச்சரித்தது கூட்டணி பற்றி. வணிகத்தை நிறுத்தச் சொன்னவர் இருவரில் யாருமில்லை.

1801இல் திரிப்போலியை ஆண்ட பாஷா தனக்குக் காணிக்கை போதாது என்று அமெரிக்கத் தூதரகக் கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்த்தார். அங்கே அதுதான் போர் அறிவிப்பு. 1803 அக்டோபரில் 'பிலடெல்பியா' என்ற போர்க்கப்பல் தரைதட்டி, 300க்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அந்தக் கப்பல் எதிரிக்குப் பயன்படாதபடி அடுத்த பிப்ரவரியில் ஓர் இரவு திரிப்போலித் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து கொளுத்தினார் ஸ்டீபன் டெகட்டூர். வீரக்கதைதான். ஆனால் 1805இல் சமாதானம் வந்தபோது கைதிகளை மீட்க 60,000 டாலர் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடையில் 1803இல் லூசியானா நிலப்பரப்பு பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. அந்தத் தொகையைத் திரட்டித் தந்தவற்றில் ஒன்று லண்டனின் பேரிங் வங்கி. பிரிட்டனோடு மறுபடி போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த நெப்போலியனுக்குப் பணம் லண்டன் வழியாகப் போனது. அமெரிக்கக் கடன் பத்திரத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு என்றால், ஹாமில்டன் காத்த அந்தத் தீர்வைக் குழாய்தான் காரணம்.

தன் கடையைத் தானே பூட்டியது

1803க்குப் பிறகு ஐரோப்பியப் போர் மீண்டும் சூடானது. அமெரிக்க வணிகர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள்: பிரெஞ்சுத் தீவின் சர்க்கரையை பாஸ்டனில் இறக்கித் தீர்வை கட்டினால் அது அமெரிக்கச் சரக்கு. தீர்வையில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பலாம். இதுதான் மறு ஏற்றுமதி. 1807இல் 10.8 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இப்படி வந்தது. 1805இல் ஒரு பிரிட்டிஷ் நீதிமன்றம், இடையில் இறக்கி ஏற்றினாலும் பயணம் ஒன்றே என்று தீர்ப்புச் சொன்னதும் கப்பல்கள் மறுபடி பிடிபடலாயின.

இன்னொரு புண், மாலுமி பிடிப்பது. பிரிட்டிஷ் கடற்படையில் கூலி குறைவு, அடி அதிகம். அமெரிக்க வணிகக் கப்பலில் கூலி பல மடங்கு. ஆட்கள் தாவினார்கள். அவர்களைத் தேடி அமெரிக்கக் கப்பல்களில் ஏறிய பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களையும் சேர்த்து இழுத்துப்போனார்கள். பிரிட்டிஷ் பிரஜையாகப் பிறந்தவன் சாகும்வரை பிரஜைதான் என்றது லண்டன். குடியுரிமை கொடுத்தால் எங்கள் ஆள் என்றது வாஷிங்டன். 1807 ஜூன் 22 அன்று 'லெப்பர்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், அமெரிக்காவின் போர்க்கப்பலான 'செசபீக்'கையே சுட்டு, நான்கு பேரைப் பிடித்துப்போனது. மூவர் செத்தார்கள்.

அன்றே போர் அறிவித்திருந்தால் நாடு முழுதும் பின்னால் நின்றிருக்கும். ஜெஃபர்சன் தன் பழைய கணக்கை எடுத்தார். 1807 டிசம்பர் 22 அன்று வந்த சட்டம், அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாட்டுக்குக் கிளம்பவே கூடாது என்றது. ஆங்கிலத்தில் இதற்கு 'எம்பார்கோ' என்று பெயர். அந்த எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் 'ஓ, என்னைப் பிடி' என்று வரும்; அதை வைத்து, சரக்கு கடத்துபவனின் பின்புறத்தை ஆமை கவ்வுவதுபோல் கேலிச்சித்திரம் போட்டார்கள்.

விளைவு:

1. ஏற்றுமதி ஒரே ஆண்டில் 10.8 கோடியிலிருந்து 2.2 கோடி டாலராக விழுந்தது.

2. சுங்க வருமானம் 1809இல் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது.

3. கனடா எல்லையில் கடத்தல் கொழித்தது. சட்டத்தைக் காக்கத் தன் குடிமக்கள் மீதே படையை ஏவ வேண்டியதாயிற்று, அதிகாரக் குவிப்பை ஆயுள் முழுதும் எதிர்த்த ஜெஃபர்சனுக்கு.

4. வழிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. போட்டிக் கப்பல் ஒழிந்ததே என்று பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் மகிழ்ந்தார்கள். நெப்போலியனோ, ஐரோப்பியத் துறைமுகங்களில் சிக்கிய அமெரிக்கக் கப்பல்களைப் பறிமுதல் செய்து, உங்கள் சட்டத்தை அமல்படுத்த நானும் உதவுகிறேன் என்றார்.

1809 மார்ச்சில், ஜெஃபர்சனின் பதவிக்காலம் முடியும் வாரத்தில், சட்டம் கைவிடப்பட்டது. 1810இல் வந்த இன்னொரு சட்டம் ஒரு விசித்திர ஏலம்: பிரிட்டன், பிரான்ஸ் இரண்டில் எது முதலில் நடுநிலைக் கப்பல்களைப் பிடிக்கச் சொல்லும் தன் ஆணைகளை விலக்குகிறதோ, அதன் எதிரியோடு வணிகத்தை நிறுத்துவோம். விலக்கியதாக நெப்போலியன் சொன்னார். கப்பல்களைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. அதிபர் மேடிசன் அந்த வார்த்தையை ஏற்று பிரிட்டன் பக்கம் திரும்பினார்.

1812: விலக்கப்பட்ட ஆணைக்கு ஒரு போர்

1812 ஜூன் 18 அன்று பிரிட்டன் மீது போர் அறிவிக்கப்பட்டது. கீழவையில் 79க்கு 49, செனட்டில் 19க்கு 13. ஐந்து நாள் கழித்து, கடல் ஆணைகளை பிரிட்டன் விலக்கியது. அட்லாண்டிக்கைக் கடந்து சேதி வர வாரக்கணக்கில் ஆகும் காலம் அது.

கப்பல் வைத்திருந்த நியூ இங்கிலாந்து இந்தப் போரை எதிர்த்தது. கடலையே பார்க்காத மேற்கும், அதோடு தெற்கும் கேட்டு வாங்கின. மேற்கத்தியருக்கு கனடா நிலத்தின் மீதும், டெகும்சே தலைமையில் திரண்ட பழங்குடிகளை ஒடுக்குவதிலும் கண். டெகும்சே 1813 அக்டோபரில் போர்க்களத்தில் விழுந்தார். இந்தப் போரில் உண்மையில் தோற்றவர்கள் அந்தப் பழங்குடிகள்தான்.

கனடா கைக்கு வரவில்லை. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனில் புகுந்து அதிபர் மாளிகையைக் கொளுத்தியது. கடலோரம் முற்றுகையில் கிடந்ததால் தீர்வை வற்றிப்போய் கஜானா திவாலை நெருங்கியது. 1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கையெழுத்தான சமாதானம் எல்லைகளைப் பழையபடியே விட்டது. மாலுமி பிடிப்பது, நடுநிலை உரிமை இரண்டைப் பற்றியும் அதில் ஒரு வரி கிடையாது. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்துவிட்டதால் மாலுமி பிடிக்கும் தேவையும் போயிருந்தது. மறு ஆண்டே டெகட்டூர் ஒரு கப்பல் படையோடு அல்ஜியர்ஸ் போய், காணிக்கை இனி கிடையாது என்று எழுதி வாங்கினார்.

1815 ஜூலை 3 அன்று லண்டனில் தனி வணிக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அமெரிக்கக் கப்பல்கள் வரலாம் என்று அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட கிழக்கத்தியத் துறைமுகங்கள் கல்கத்தா, சென்னை, பம்பாய், பினாங்கு. 1783இல் மூடிய கரீபியத் தீவுகள் அப்போதும் திறக்கவில்லை. அவை ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில், 1830இல்தான் திறந்தன.